முதல் வகுப்பு இலவசம்

படித்தவர்களை உங்களுக்குத் தெரியும். படிக்காதவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஓர் இனம் கொழும்பில் செழித்து வளர்ந்து வருகிறது. அதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்காததால் நானே வைத்துவிடுகிறேன்: முதற்பாடக்காரர். உலகத்திலுள்ள எல்லாப் பாடங்களிலும் முதலாம் பாடத்தை மட்டும் படித்தவர்.

இவரைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. ஆண்களிலும் உண்டு, பெண்களிலும் உண்டு. சேட்டுப் பையில் பேனை இருக்கும், இல்லாமலும் இருக்கும். வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் வரைவிலக்கணம் வரும். "முதுகு நோகுது" என்று நீங்கள் அவரிடம் வாய்தவறிச் சொன்னால், "நோ எண்டால் என்ன?" என்று கேட்பார். நீங்கள் முழிப்பீர்கள். அவருக்கு வேண்டியதும் அந்த முழிதான். "நோ எண்டது உடம்பு மூளைக்கு அனுப்புற ஒரு எச்சரிக்கை. அது ரெண்டு வகைப்படும்" என்று தொடங்கி இரண்டு வகையையும் விரலை மடக்கிச் சொல்வார். சரி, எனக்கு வந்திருப்பது எந்த வகை, அதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள். "நல்ல கேள்வி" என்பார். பிறகு மணிக்கூட்டைப் பார்ப்பார்.

இந்த ஞானம் எங்கிருந்து வருகிறது? கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஏதாவதொரு லைட் போஸ்ட்டின் கீழே நின்று பாருங்கள். கம்பம் தெரியாது, நோட்டீஸ்தான் தெரியும். கணக்கீடு, உளவியல், தாதியியல், கேக் ஐசிங், விருந்தோம்பல் முகாமைத்துவம், ஜப்பானிய மொழி, மின்னிணைப்பு, தேனீ வளர்ப்பு, சட்டம், சிகையலங்காரம் என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, பழையதைக் கிழித்தால் அதற்குக் கீழே இன்னும் பழையது இருக்கும். எல்லாவற்றிலும் ஒரு வரி பொது. பாடத்தின் பெயரைவிடப் பெரிய எழுத்தில், சிவப்பில் இருக்கும்: முதல் வகுப்பு இலவசம், டியூட் வழங்கப்படும்.

டியூட் என்றால் என்னவென்று கொழும்பில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: டியூஷன் வகுப்பு ஆசிரியர்களான சேர்மார் அச்சடித்துக் கொடுக்கும் பாடக்குறிப்பு. அதிலும் முதல் வகுப்பு டியூட்டுக்குத் தனி இலட்சணம் உண்டு. தாள் நல்ல தாளாக இருக்கும். மேலே சேரின் படம். கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே வரைவிலக்கணம். அதன் கீழே வரலாறு. எந்தப் பாடமானாலும் வரலாறு எகிப்தில்தான் தொடங்கும்; கணக்கீடும் எகிப்து, சிகையலங்காரமும் எகிப்து, தேனீயும் எகிப்திலிருந்து பறந்து வந்ததுதான். பிறகு வகைகள். பிறகு நன்மைகள், தீமைகள். நன்மை எப்போதும் தீமையைவிட ஒன்றாவது கூட இருக்கும், இல்லாவிட்டால் யார் காசு கட்டிச் சேருவார்கள்? கடைசியாகப் பக்கத்தின் அடியில், சாய்ந்த எழுத்தில் ஒரு வரி: "இவற்றை எவ்வாறு செய்வது என்பதை அடுத்த பாடத்தில் விரிவாகப் பார்ப்போம்."

அந்த அடுத்த பாடத்தை முதற்பாடக்காரர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை.

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி என் நண்பர் தயாபரன். கப்பல் கம்பனி ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேல்வீட்டில், மனைவி கௌரியோடும் ஒரே மகள் துஷ்யந்தியோடும் இருக்கிறார். இவர்கள் மூவரையும் தவிர அந்த வீட்டில் இருப்பது டியூட். அலுமாரியில் டியூட், கட்டிலுக்குக் கீழே டியூட், பொலித்தீனில் சுற்றி குளியலறைப் பரணிலும் டியூட். நானும் அவரும் தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்து வளர்ந்தவர்கள் என்பதால் இரண்டு மொழியிலும் சேர்ப்பார். மனிதவள முகாமைத்துவத்துக்குத் தமிழில் ஒரு ஃபைல், ஆங்கிலத்தில் ஒரு ஃபைல். திறந்து பார்த்தேன். இரண்டு மொழியிலும் எகிப்துதான்.

நான் வெளிநாட்டில் இருப்பவன். விமானத்தில் ஏறும்போதே டெங்குவை நினைத்துக் கவலைப்பட்டு, இறங்கும்போது நான் விட்டுவந்த வேலை திரும்பிப் போகும்வரை இருக்குமோ என்று கவலைப்பட்டு, கடவுச்சீட்டு இருக்கிறதா என்று ஒழுங்கைக்கு ஒழுங்கை சட்டைப் பையைத் தடவிக்கொண்டு வந்து சேர்கிறவன். அப்படி வந்த என்னைப் பார்த்துத் தயாபரன் சுகமா என்று கேட்பதில்லை.

"மச்சான், அங்க இப்ப எதுக்கு டிமாண்ட்?"

வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லாரிடமும் இதே கேள்விதான். நாங்களும் இலேசுப்பட்டவர்களா? எங்கள் வேலையே நாளைக்கு இருக்குமோ தெரியாத நிலையில், தேனீரை உறிஞ்சிக்கொண்டு, உலகச் சந்தையைக் கரைத்துக் குடித்தவர்கள்போல ஆளுக்கொன்று சொல்லிவைப்போம். இலண்டன்காரர் ஒருவர் தாதிமார் என்றார். துஷ்யந்தி தாதியியல் முதல் வகுப்புக்குப் போனாள். மெல்பேர்ணிலிருந்து வந்தவர் தச்சுவேலை என்றார். தச்சுவேலை முதல் வகுப்புக்குப் போனாள். நோர்வேயிலிருந்து வந்த அம்மா, முதியோரைப் பராமரிக்க ஆளில்லாமல் அங்கே தவிக்கிறார்கள் என்று கண் கலங்கினார். அடுத்த ஞாயிறே "முதுமை: ஓர் அறிமுகம்". உயர்தரப் பரீட்சை முடித்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையின் சனியும் ஞாயிறும் இப்படித்தான் போகின்றன. அவளோடு படித்தவர்கள் இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் என்று போய்க்கொண்டிருக்க, துஷ்யந்தி மட்டும் ஒவ்வொரு வாரமும் முதலாம் வகுப்பிலேயே இருந்தாள். கையிலே கட்டுக்கட்டாகப் பங்குபற்றியமைக்கான சான்றிதழ்கள். எதிலே பங்குபற்றினாள்? தொடக்கத்திலே.

தகப்பனுக்கோ அது பெருமை. "என்ர மகளுக்குத் தெரியாத துறை இல்லை" என்று பஸ்ஸில் பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார். துஷ்யந்தி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இப்படி இருக்கையில், நான் நீண்ட லீவில் வந்து நின்றபோது, ஒரு மத்தியானம் ஜவாத் நானாவின் ஃப்ரீஸர் நின்றுவிட்டது. ஜவாத் நானா என்பவர் கீழே பலசரக்குக் கடை வைத்திருப்பவர்; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம். நல்ல வெயில். ஃப்ரீஸர் நிறைய ஐஸ்கிறீம். மெக்கானிக் அந்திக்குத்தான் வருவானாம். மனுசன் வாசலில் நின்று மேலே பார்த்து ஒரு சத்தம் வைத்தார்.

"தயா அண்ணே! நீங்க ஏதோ ஃப்ரீஸர் படிச்சண்டு செல்லிக்கிட்டு இருந்தீங்களே, கொஞ்சம் வந்து பாருங்களேன்!"

தயாபரனின் முகம் மலர்ந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு மனிதன் தன் வாழ்க்கை முழுவதும் காத்திருந்த அழைப்பு. ஃபைலைத் தேடி எடுத்து, தூசு தட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என்னையும் மகளையும் பின்னால் வரவிட்டு இறங்கினார். ஃப்ரீஸரின் மேல் ஃபைலை விரித்தார்.

"குளிரேற்றல் எனப்படுவது, ஓரிடத்திலுள்ள வெப்பத்தை அகற்றி வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்லும் செயன்முறையாகும்."

"அது செரி. இப்ப ஐஸ்கிறீம் கரையுதே."

"அந்தரப்படாதீங்கோ ஜவாத். முதல் அடிப்படையை விளங்கவேணும். இதில பிரதானமா நாலு பாகம் இருக்கு."

"நாலுல எது கெட்டுப் பெய்த்திருக்கு?"

தயாபரன் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. முன்பக்கத்துக்கே திரும்பி வந்தார்.

"அடுத்த பாடத்தில பாப்பம் எண்டு போட்டிருக்கு."

"அடுத்த பாடம் எப்ப?"

"அதுக்கு நாங்கள் போகேல்ல."

ஜவாத் நானா கடை வாசலுக்கு வந்து, ஒழுங்கையில் நின்ற பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டு, கரைகிற ஐஸ்கிறீமைக் கரையமுன் கொடுத்து முடித்தார். தயாபரனுக்கும் ஒன்று கிடைத்தது. நக்கிக்கொண்டே, "ஐஸ்கிறீம் மூண்டு வகை, தெரியுமோ மச்சான்?" என்றார். தோல்வி என்பது இந்த இனத்துக்குத் தெரியவே தெரியாது. அது எந்த முதல் பாடத்திலும் வருவதில்லை.

ஆனால் துஷ்யந்தி ஐஸ்கிறீம் வாங்கவில்லை. ஃப்ரீஸருக்குப் பின்னால் குனிந்து, கறுப்பாக வளைந்து வளைந்து ஓடிய ஒரு குழாயைத் தொட்டு, கையை வெடுக்கென்று இழுத்தாள்.

"அப்பா, இது இன்னும் சுடுது. குளிராக்கிற சாமானுக்குப் பின்னால ஏன் சுடவேணும்?"

"நல்ல கேள்வி" என்றார் தயாபரன்.

அந்த நல்ல கேள்வி அவளை விடவில்லை. அந்த மாதமே வத்தளையில் ஒரு பயிற்சி நிலையத்தில் குளிரேற்றலும் வளிச்சீராக்கலும் என்ற முழுப் பாடநெறிக்கு விண்ணப்பித்து, நேர்முகத்துக்குத் தனியே போய், இடமும் எடுத்துவிட்டாள். தயாபரன் தடுத்தாரா? சேச்சே. இந்த இனம் எந்தப் படிப்பையும் தடுப்பதில்லை. "தாராளமாப் படி பிள்ளை" என்று சொல்லி, முதல் வகுப்புக்குத் தானும் கூடவே போனார். திரும்பி வந்து எனக்குத் தொலைபேசியில் குறைப்பட்டார். டியூட் இல்லை. இலவச வகுப்புகளில் தின்னக் கொடுக்கும் பற்றிஸும் தேத்தண்ணியும் இல்லை. எகிப்தே இல்லை. றேமண்ட் என்று ஒரு சேராம். படத்தில் போடுகிற முகமே இல்லையாம். வந்ததும் வராததுமாக அவர் சொன்னது இதுதானாம்: "அடுத்த சனி ரெண்டாவது கிளாஸ். அண்டைக்கு வராதவங்கட இடத்த வெயிட்டிங்கில இருக்கிறவங்களுக்குக் குடுத்திருவேன். பிறகு வந்து அழப்படாது."

"அப்ப சனிக்கிழமை பிள்ளையை விடு" என்றேன்.

"விடத்தான் யோசிச்சனான். அதுக்குள்ள ஒண்டு வந்திட்டுது மச்சான்."

வந்தது ஒரு நோட்டீஸ். வெள்ளவத்தையில், அதே சனிக்கிழமை, அதே நேரம்: "செயற்கை நுண்ணறிவு: ஓர் அறிமுகம். முதல் வகுப்பு இலவசம்."

வெள்ளிக்கிழமை நான் அவர்கள் வீட்டில் சாப்பிடப் போயிருந்தபோது வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"வத்தளை எங்க பிள்ளை ஓடப்போகுது?" என்றார் தயாபரன். "ரெண்டாம் வகுப்பு, மூண்டாம் வகுப்பு எல்லாம் வாராவாரம் நடக்கும். முதல் வகுப்பு ஒருக்காத்தான் நடக்கும். விட்டால் போச்சு."

"ரெண்டாம் வகுப்பும் ஒருக்காத்தான் அப்பா நடக்கும். நாளைக்குப் போகாட்டி என்ர இடம் போயிடும்."

தயாபரன் சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டையாக்கினார்.

"நல்ல கேள்வி" என்றார்.

"அது கேள்வி இல்லை அப்பா."

குசினிக்குள்ளிருந்து கௌரி வந்தார். சட்டியோடு வந்தார் என்பதால் குரலுக்கு ஒரு பலம் இருந்தது. "இஞ்சேருங்கோ, பிள்ளை ஒண்டையாவது முழுசாப் படிக்கட்டுமே. அந்தக் கேக் ஐசிங்கிலயும் ஐசிங்குக்குப் போகமுன்னம் இழுத்துக்கொண்டு வந்திட்டியள். இந்த வீட்டில கேக்குக்கு வரைவிலக்கணம் இருக்கு, கேக் இல்லை."

"நான் எதைப் படிக்கவேண்டாம் எண்டு சொன்னனான்? எல்லாத்தையும் படி எண்டுதானே சொல்லுறன்! நாளைக்கு எதுக்கு டிமாண்ட் வருமெண்டு ஆருக்குத் தெரியும்? மச்சானைக் கேள். மச்சான், அங்க இப்ப எதுக்கு டிமாண்ட்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். துஷ்யந்தியின் பார்வைதான் அதிக நேரம் நின்றது. தொழில்நுட்பம் மாறிக்கொண்டு வருகிறது, ஒன்றும் சொல்ல முடியாது, நான் வேலைசெய்யும் கந்தோரிலேயே எல்லாரும் பயந்துபோய்த்தான் இருக்கிறோம் என்று நான் உண்மையைச் சொல்லப்போக, தயாபரன் வெற்றியோடு தலையாட்டினார். "பாத்தியா? செயற்கை நுண்ணறிவு."

துஷ்யந்தி சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். "நீங்களும் மாமாவும் முன்னுக்குப் போய் இடம் பிடியுங்கோ அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

முதற்பாடக்காரர் ஒரு மண்டபத்தில் எப்படி உட்காருவார் என்பது பார்க்கவேண்டிய காட்சி. முன்வரிசை கூடாது, சேர் கேள்வி கேட்பார். கடைசி வரிசை கூடாது, டியூட் முடிந்துவிடும். மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த மண்டபத்தில் நாங்கள் அப்படியே அமர்ந்தோம். மகளுக்கென்று நடுக்கதிரையில் தயாபரன் தன் குடையை நீட்டி வைத்தார். மண்டபம் நிறைந்தது. ஒரு தடித்த அம்மா மூச்சிரைக்க வந்து குடையைப் பார்த்தார்.

"தம்பி, இதில ஆரும் இருக்கினமோ?"

"மகள் வாறா அம்மா."

மேடையில் சேர் தோன்றினார். கன்னத்தில் விரல் வைக்காமலும் அவர் அப்படித்தான் இருந்தார். செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்றார். அது எத்தனை வகைப்படும் என்பதற்கு முன் அதன் வரலாற்றைப் பார்ப்போம் என்றார். மனிதன் இயந்திரத்தைச் சிந்திக்க வைக்கவேண்டும் என்று முதலில் கனவு கண்டது எங்கே தெரியுமா என்று கேட்டு நிறுத்தினார். தயாபரன் என் காதுக்குள், "எகிப்து" என்றார். எகிப்துதான்.

அம்மா சுவரோரம் நின்றுகொண்டு குடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மகள் இன்னும் வரேல்லையே தம்பி?"

தயாபரன் தொலைபேசியை எடுத்தார். எப்போதும்போல ஸ்பீக்கரில் போட்டார். இந்த இனத்துக்குத் தொலைபேசியில் இரகசியம் பேசத் தெரியாது. நெடுநேரம் மணி அடித்தது. பிறகு மகளின் குரல், மெதுவாக.

"என்னப்பா?"

"எங்க பிள்ளை நிக்கிறாய்? எகிப்து முடிஞ்சுது, வகை தொடங்கப் போகுது!"

"வத்தளையில அப்பா."

"வத்தளையிலயோ? அங்க என்ன?"

"ரெண்டாம் வகுப்பு."

மூன்றாம் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான்காம் வரிசையில் யாரோ சிரித்தார்கள். தயாபரன் தொலைபேசியைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், தவறிய இலக்கமோ என்று பார்ப்பதுபோல. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது வேறு கேள்வி.

"டியூட் தந்தவையோ?"

"இல்லையப்பா. பழைய ஃப்ரிட்ஜ் ஒண்டைத் தந்து கழட்டச் சொன்னவர். கை முழுக்க எண்ணெய், ஃபோனைப் பிடிக்கேலாமல் கிடக்கு. இஞ்ச என்ர பேரை ரெஜிஸ்டரில ஏத்திப்போட்டினம். வைக்கட்டே?"

வைத்துவிட்டாள். தயாபரன் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா பெருமூச்சோடு கதிரையில் இறங்கி, "நல்லா இருங்கோ தம்பி" என்றார். கூரையில்லாத பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்போலத் தயாபரன் என்னிடம் சொன்னார்: "ரெண்டாம் பாடத்தில டியூட் இல்லையாம் மச்சான்."

ஆனால் இடைவேளையில் டியூட் கொடுத்தபோது இரண்டு வாங்கினார். மகளுக்கும் வேண்டுமல்லவா?

அன்று பின்னேரம் துஷ்யந்தி வத்தளையிலிருந்து நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் வந்து இறங்கினாள். நகத்துக்குள் கறுப்பு, கன்னத்தில் ஒரு கோடு. கௌரி சவர்க்காரத்தையும் துவாயையும் கொண்டுவந்து கொடுத்தார். அவள் கழுவாமல் வந்து தகப்பனுக்கு முன்னால் இருந்தாள். நான் விடைபெற எழும்பியவன் திரும்ப இருந்தேன்.

"அப்பா, ஃப்ரீஸருக்குப் பின்னால ஏன் சுடுது தெரியுமோ? உள்ளுக்க இருந்து எடுத்த சூடுதான் அது. அதைக் கொண்டுவந்து வெளிய விடுறது அங்கதான்."

தயாபரன் நிமிர்ந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றினார். அலுமாரியைப் பார்த்தார், மகளின் கையைப் பார்த்தார்.

"அப்ப... அண்டைக்கு நான் வாசிச்சனே, வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்லும் எண்டு. அந்த வேறோர் இடம் அதுதானோ?"

"ஓமப்பா. அதேதான்!"

"அட!" என்றார். தன் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வரைவிலக்கணத்துக்குள் அவர் கால் வைத்திருந்தார். துஷ்யந்தி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அது எப்பிடி அங்க வருதெண்டால் அப்பா, முதல்ல அந்த கொம்ப்ரசருக்குள்ள..."

தயாபரன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நல்லது பிள்ளை. மிச்சத்தைப் பிறகு விரிவாப் பாப்பம்."

எழும்பிப் போய் ஒரு புதிய ஃபைலை எடுத்து, முகப்பில் அழகான எழுத்தில் எழுதினார்: "குளிரேற்றல், இரண்டாம் பாடம்: ஓர் அறிமுகம்." துஷ்யந்தி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டு கை கழுவப் போனாள். அடுத்த சனி அவள் வத்தளைக்குப் போனாள், அதற்கடுத்த சனியும். அவளுக்கு இடம் பிடிக்க இப்போது எந்தக் கதிரையிலும் குடை கிடப்பதில்லை.

தயாபரனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்தபின் உங்கள் புத்தக அலுமாரிக்கு ஒருதரம் போய்வாருங்கள். முதல் இருபது பக்கம் விரல்பட்டு மங்கி, மிச்சம் கடையில் வாங்கிய வெள்ளையாகவே இருக்கிற புத்தகங்கள் எத்தனை? மூன்று நாள் போன உடற்பயிற்சி நிலையம், "வணக்கம், என் பெயர்" என்பதோடு நின்றுபோன சிங்கள வகுப்பு, உங்கள் வீட்டில் இல்லையா? அது வேறு, எனக்கு நேரமில்லை என்கிறீர்கள். தயாபரனும் மணிக்கூட்டைத்தான் பார்த்தார்.

இன்னும் உங்களுக்குச் சந்தேகம் என்றால் எளிதான பரீட்சை ஒன்று வைக்கிறேன். இந்தக் கட்டுரையின் முதல் பந்தியைப் படித்து, விஷயம் விளங்கிவிட்டதென்று நடுவை விட்டுவிட்டு, நேரே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். கையைத் தூக்க வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: கரைந்த ஐஸ்கிறீம் யாருடையது?

தயவுசெய்து, "நல்ல கேள்வி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.